மருந்தில்லாத ஊசியும் மாறாத கூடையும்

தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவார்கள், இந்த முறை ஊசியைப் பற்றிப் பேசப் போகிறார்களாமே என்று நேற்றுப் பீலிக்கரையில் பேச்சு அடிபட்டது எங்கள் காதுக்கும் வந்தது. ஊசியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் அது போய்ச் சேருகிற இடம் கூடையும் தராசும் சம்பளமும்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களுக்கு இந்த விஷயம் பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பித்தது. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. நல்ல கெட்டிக்காரி. இடாப்பைப் புரட்டினால் ஐந்து வாரமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டோம். "அம்மாவுக்கு டவுன்ல ஊசி குத்துற நாள் டீச்சர். தம்பியப் பாத்துக்க நான் நிக்கணும்" என்றது. மற்ற நாட்களிலும் பிந்தித்தான் வந்தது. பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு வரவேண்டும். அம்மாவால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் லயத்துக்குப் போனோம். அந்த அக்காவிடம் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறோம். அவருக்கு 41 வயது. 20 வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து எடுக்கிறவர். வலது தோளில் தொடங்கி, கழுத்து வழியாக ஏறி, காதுக்குப் பின்னால் போய், நெற்றிப்பொட்டில் நிற்கிற வலி. சித்தாலேப பூசியாயிற்று. டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கியாயிற்று. பார்மசியில் பெயர் தெரியாத வலிக்குளிசையை மாதக்கணக்கில் விழுங்கியாயிற்று. கடைசியில் யாரோ சொல்லி டவுனில் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே மெல்லிய ஊசிகளைத் தோளிலும் கழுத்திலும் குத்துகிறார்கள். ஒரு தடவைக்கு வாங்குகிற காசு, பஸ் காசு, அன்றைக்கு விழாமல் போகிற பேர் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று நாள் சம்பளம். ஐந்து தடவைக்குக் காதில் கிடந்த தோடு அடகுக்குப் போய்விட்டது.

சுகமா அக்கா என்று கேட்டோம். "குத்துன அன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. கழுத்து திரும்புது, ராவுல தூக்கம் வருது. மறுபடி கூடைய மாட்டுனா மூணாம் நாள் பழையபடிதான்" என்றார்.

இன்னொன்றும் கேட்டோம். ஊசியை எங்கிருந்து எடுக்கிறார்கள்? "ஒரு தட்டுல ஸ்பிரிட்டுல ஊறப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். அதைக் கேட்டதும் எங்களுக்கு வயிறு கலங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறோம். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து, படித்து, இந்த ஊசி என்ன, எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டோம். அதைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறோம்.

சதையில் விழுகிற முடிச்சு

எல்லோரும் வலது கையை எடுத்து இடது தோளில் வையுங்கள். கழுத்துக்கும் தோள் மூட்டுக்கும் நடுவிலே இருக்கிற சதையை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அந்தக் கயிற்றில் ஓர் இடத்தில் பட்டாணிக் கடலை அளவில் ஒரு முடிச்சு. அதை அழுத்தினால் தன்னால் முகம் சுளிக்கும். சிரிக்கிறீர்கள். அப்படியானால் கிடைத்துவிட்டது.

நாம் இதைப் பிடிப்பு என்போம், வாயு என்போம். டொக்டர்மார் டிரிகர் பொயின்ட் என்கிறார்கள். டிரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. விசையை அழுத்துகிற இடம் ஒன்று, குண்டு போய் விழுகிற இடம் வேறு. இந்த முடிச்சும் அப்படித்தான். தோள் சதையில் இருக்கிற முடிச்சு வலியைக் கழுத்து வழியாக நெற்றிப்பொட்டுக்கு அனுப்பும். பிட்டத்துச் சதையில் இருக்கிற முடிச்சு தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் அனுப்பும். நாம் தலையிடிக்குக் குளிசை போட்டுக்கொண்டே இருப்போம். தலையிடி பிறந்த இடம் தோளாக இருக்கும்.

முடிச்சு எப்படி விழுகிறது? வேலை செய்யும்போது சதை சுருங்க வேண்டும், ஓயும்போது நீள வேண்டும். ஒரே சதை மணிக்கணக்கில் ஓயாமல் சுருங்கியே நின்றால் அதன் இழைகளில் சில சுருங்கினபடியே நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. வலியைக் கிளப்புகிற இரசாயனங்கள் சேருகின்றன. வலி கூடினால் சதை இன்னும் இறுகுகிறது. இதுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிற விளக்கம். முடிச்சு சதையிலேயே இருக்கிற கோளாறா, நரம்பின் கோளாறா என்று வைத்தியர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. வலி பொய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று மலையில் நின்று சத்தம் போடுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் உடம்பை நினைத்துப் பாருங்கள். கூடைக் கயிறு தலையில். பாரம் முழுவதும் கழுத்து வழியாக இறங்குகிறது. மலை சரிவு, ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் நீட்டியபடி. கை நிறைந்ததும் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை எறிகிறோம் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? மழை நாளில் படங்கும் நனைந்து, கொழுந்தும் தண்ணீர் குடித்துப் பாரம் இன்னும் கூடும். கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு முன்கையும் இடுப்பும். மருந்தடிக்கிறவர்களுக்கு முதுகில் டேங்க். பால் வெட்டுகிறவர்களுக்குக் கழுத்தும் மணிக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு முடிச்சு.

ஊசிக்குள் மருந்து இல்லை

அந்த அக்காவுக்குக் குத்தியதற்கு டிரை நீட்லிங் என்று பெயர். உலர் ஊசி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டிஸ்பென்சரியில் போடுகிற ஊசிக்கு நடுவில் துளை உண்டு, அதன் வழியாக மருந்து இறங்கும். இந்த ஊசிக்குத் துளை கிடையாது. முழுக்கம்பி. பருமன் 0.25, 0.30 மில்லிமீற்றர் அளவில், சாதாரண ஊசியில் பாதி. மருந்துத்தண்ணீர் இல்லாதபடியால்தான் உலர் என்று பெயர்.

செய்கிறவர் முதலில் விரலால் முடிச்சைத் தேடிப் பிடிப்பார். தோலைத் துடைத்து ஊசியை அந்த முடிச்சுக்குள் இறக்குவார். சரியான இடத்தில் பட்டால் சதை ஒரு தடவை வெடுக்கென்று துடிக்கும். சிலருக்கு வழக்கமாக வருகிற தலையிடி அந்த நேரத்தில் வந்து போகும். சிலர் ஊசியைச் சில வினாடிகள் மேலும் கீழும் அசைத்து எடுத்துவிடுவார்கள். சிலர் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு வைப்பார்கள். பிறகு ஒரு நாள், இரண்டு நாளைக்கு அடிபட்ட மாதிரி நோகும். சில இடம் கன்றி நீலமாகும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதுவும் சைனா ஊசியும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். ஊசி ஏறத்தாழ ஒன்றுதான். குத்துகிற கணக்கு வேறு. அக்குபங்சர் சீனத்துப் பழைய வைத்தியம். உடம்பில் சக்தி ஓடுகிற பாதைகள் என்று அவர்கள் வகுத்த இடங்களில் குத்துவது. உலர் ஊசி சதையையும் நரம்பையும் படித்து, கைக்குத் தட்டுப்படுகிற முடிச்சில் குத்துவது.

ஜனாதிபதியின் கதிரை

இந்த முடிச்சுகளைப் பற்றி உலகத்துக்கு விளக்கமாகச் சொன்னவர் ஒரு பெண். அமெரிக்காவில் 1901இல் பிறந்த ஜெனட் டிரவல் என்ற டொக்டர். எந்தச் சதையில் முடிச்சு விழுந்தால் வலி எங்கே போகும் என்று உடம்பு முழுவதற்கும் கணக்கெடுத்தவர். டேவிட் சைமன்ஸ் என்ற டொக்டரோடு சேர்ந்து 1983இல் அதன் முதல் பாகத்தைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். டிரவல் முடிச்சில் போட்ட ஊசியில் மருந்து இருந்தது, மரத்துப்போகச் செய்கிற மருந்து.

செக்கோஸ்லோவாக்கியாவில் காரெல் லெவிட் என்ற டொக்டருக்கு ஒரு சந்தேகம். சுகம் தருவது மருந்தா, ஊசி குத்துவதா? 241 நோயாளிகளுக்கு 312 இடங்களில் மருந்தில்லாமல் குத்திப் பார்த்து 1979இல் எழுதினார். மிகவும் நோகிற புள்ளியில் ஊசி சரியாகப் பட்டபோது நூற்றுக்கு 87 அளவில் உடனே வலி விட்டது என்று கண்டார். உலர் ஊசிக்கு மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

உடனே விட்ட வலி எவ்வளவு காலம் விட்டிருக்கும்? பிற்காலத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: சில வாரங்களுக்கு, கூடினால் இரண்டு மூன்று மாதத்துக்கு வலி குறையலாம். அதற்கு அப்பால் நிற்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆகவே படித்த பிசியோதெரபிஸ்ட்கள் ஊசியைத் தனியாகக் குத்தி அனுப்புவதில்லை. ஊசியால் வலி தணிகிற அந்தக் கொஞ்ச நாளில் சதையை நீட்டி, பயிற்சி கொடுத்து, பலப்படுத்துகிறார்கள். ஊசி கதவைத் திறந்து விடும், அவ்வளவுதான். உள்ளே நாம்தான் நடக்க வேண்டும்.

டிரவலைப் பற்றி இன்னொரு விஷயம். அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கெனடிக்குப் பொல்லாத முதுகுவலி. 1955இல், அவர் செனட்டராக இருந்த காலத்திலேயே டிரவலிடம் வந்துவிட்டார். 1961இல் ஜனாதிபதியானதும் டிரவலைத் தன் டொக்டராக்கினார். ஜனாதிபதியின் டொக்டராக வந்த முதல் பெண் அவர்தான். டிரவல் கெனடிக்கு முடிச்சில் ஊசி போட்டார். போட்டதோடு விட்டாரா? ஒரு கால் சற்றுக் குட்டை என்று கண்டுபிடித்துச் சப்பாத்தின் குதியை உயர்த்தச் சொன்னார். ஆடுகிற கதிரையில் உட்காரச் சொன்னார். கெனடியின் அந்தக் கதிரை பத்திரிகைகளில் படமாக வந்து பிரபலமாகிவிட்டது.

தோழர்களே, ஜனாதிபதிக்கு ஊசி போட்ட டொக்டர் அவர் உட்காருகிற கதிரையையும் மாற்றினார். எங்கள் அக்காவின் தோளில் ஐந்து தடவை ஊசி குத்தினார்கள். கூடையை யாரும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்ததில் என்ன அதிசயம்?

தட்டில் ஊறிய ஊசி

இனி வயிறு கலங்கிய கதைக்கு வருவோம். ஒருவர் உடம்புக்குள் போன ஊசி இன்னொருவர் உடம்புக்குள் போனால் ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவ வழி உண்டு. ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் எல்லாக் கிருமியும் சாகாது. உலர் ஊசி ஒரே தடவை பாவித்து எறிய வேண்டிய பொருள். மூடிய பக்கற்றில் வரும். உங்கள் கண் முன்னால் அதைப் பிரிக்க வேண்டும். குத்தி முடிந்ததும் கூரான சாமான் போடுகிற பெட்டிக்குள் போட வேண்டும். குத்துகிறவர் கை கழுவ வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். தராசு முள்ளைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, ஊசிப் பக்கற்றைப் பார்க்கவும் அவ்வளவு உரிமை உண்டு.

இரண்டாவது ஆபத்து நுரையீரல். தோளிலும் முதுகின் மேல் பக்கத்திலும் விலா எலும்புக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது. மெலிந்த உடம்பில் சதை கொஞ்சம்தான். தெரியாதவர் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழுந்து காற்று வெளியேறும். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. ஊசி குத்திய அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், வறட்டு இருமல் வந்தால், விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி குத்திய கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாதிரிக் குளிசை குடிக்கிறவர்கள், கர்ப்பிணித் தாய்மார், குத்துகிற இடத்தில் புண் அல்லது கொப்புளம் உள்ளவர்கள், சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் இந்த ஊசிக்குப் போகக் கூடாது.

அப்படியானால் எங்கே போவது? நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. காசு கிடையாது. முதலில் ஓ.பி.டி. டொக்டரிடம் காட்டி, எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியோடு போக வேண்டும். எல்லா இடத்திலும் உலர் ஊசி செய்ய மாட்டார்கள். எல்லோருக்கும் அது தேவையுமில்லை. பலருக்குப் பயிற்சியும் சூட்டு ஒத்தடமும் போதும். காசு கொடுத்து வெளியே போவதானால் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா? இந்த ஊசிக்கென்று பயிற்சி எடுத்தீர்களா? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிக்குப் போகக் கூடாத வலி

எல்லா வலியும் பிடிப்பு அல்ல. இதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

காய்ச்சலோடு உடம்பு முறிந்து கெண்டைக்கால் சதை நோகிறதா? எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம். சேற்றிலும் கானிலும் வேலை செய்கிற நமக்கு எலிக்காய்ச்சல் தூரத்து நோய் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது டைக்லோபெனக், ஐபியுபுரோபன் போன்ற வலிக்குளிசை குடித்தால் இரத்தக்கசிவு ஆபத்து. பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

நெஞ்சை அழுத்தி இடது தோளுக்கோ தாடைக்கோ போகிற வலி, வியர்வை, மூச்சு முட்டல்: இருதயமாக இருக்கலாம். பெண்களுக்கும் மாரடைப்பு வரும். முதுகுவலியோடு காலில் பலம் குறைகிறது, சிறுநீர் மலம் அடக்க முடியவில்லை அல்லது போகவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வழுக்கி விழுந்த பிறகு வந்த வலி, ராவில் படுத்தாலும் விடாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது எல்லாவற்றையும் டொக்டர் பார்க்க வேண்டும்.

வலிக்குளிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. டைக்லோபெனக் மாதிரிக் குளிசையை மாதக்கணக்கில் குடித்தால் குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். வலி தெரியாமல் போவது வேறு, நோய் போவது வேறு.

செலவில்லாமல் செய்யக்கூடியது

பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்கிற டெனிஸ் பந்து ஒவ்வொரு லயத்திலும் உருண்டு கிடக்கிறது. அதை எடுத்து லயத்துச் சுவரில் வைத்து, முதுகால் சாய்ந்து, முடிச்சு இருக்கிற இடத்தில் படும்படி மெதுவாக அழுத்துங்கள். அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். தாங்கக்கூடிய அளவுக்குத்தான். முள்ளந்தண்டு எலும்பில் வைக்கக் கூடாது. பிறகு சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் ஒத்தடம். சீனி வருத்தத்தால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டில் கவனம், தோல் வெந்தாலும் தெரியாது.

மலையில் தராசுக்கு நிற்கிற நேரத்தில் நாலு பயிற்சி. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தோள்களைக் காது வரை உயர்த்திப் பின்னுக்குச் சுழற்றி இறக்குங்கள், பத்துத் தடவை. தலையைத் தோளுக்குச் சாய்த்து இருபது எண்ணும் வரை நில்லுங்கள், இரண்டு பக்கமும். கைகளை இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் வளையுங்கள், ஐந்து தடவை. கையை நீட்டி விரல்களை மறுகையால் பின்னுக்கு மடக்கி முன்கையை நீட்டுங்கள். ஐந்து நிமிஷம் போதும். இன்று கூட்டம் முடிந்ததும் நம்முடைய பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறோம். வெட்கப்படாமல் கூடச் செய்யுங்கள்.

கூடைக்கு வருவோம்

1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட காலத்திலிருந்து எவ்வளவோ மாறிவிட்டது. ஸ்டோரில் மெசின் மாறியது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. கொழுந்து மட்டும் இன்னும் பெண்ணின் தலையிலும் தோளிலும்தான் மலை இறங்குகிறது.

வலி எப்படிச் சம்பளமாகிறது என்று பாருங்கள். வலியோடு எடுத்தால் கிலோ குறைகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று கிலோ வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேருக்குப் பயந்து வலியோடு இன்னும் வேகமாக எடுக்கிறோம். முடிச்சு இன்னும் இறுகுகிறது. அதோடு முடியவில்லை. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 போகிறது, கம்பனி 12 போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. பேர் குறைந்தால் இதெல்லாம் குறைகிறது. இன்று தோளில் விழுந்த முடிச்சு பிற்காலத்தில் கையில் வருகிற காசிலும் விழுகிறது.

விழுந்து அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையில் நடந்த விபத்து என்று அன்றைக்கே ஒபீஸில் பதிய வைக்க வேண்டும், டிஸ்பென்சரித் துண்டு எடுத்து வைக்க வேண்டும், தலைவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்த் தைலம் போட்டுவிட்டு மூன்றாம் நாள் சொன்னால் எங்கே விழுந்தாய் என்று கேட்பார்கள். ஆனால் 20 வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தோள்வலி விபத்து என்ற கணக்குக்குள் சுலபமாக வராது. அதற்குச் சட்டத்தைவிடச் சங்கத்தின் பேச்சுவார்த்தைதான் வழி.

ஆகவே கமிட்டி முன்வைக்கிற கோரிக்கைகள் இவை.

ஒன்று: தராசைக் கொழுந்து மலைக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு நிறுக்கிற தடவையைக் கூட்ட வேண்டும். பாரம் ஏறுவதற்கு முன் கூடை காலியாக வேண்டும்.

இரண்டு: தலைக்கயிற்றுக்குப் பதிலாக இரண்டு தோளிலும் மாட்டி இடுப்பிலும் கட்டுகிற அகலப் பட்டி வைத்த பையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு இதைத்தான் போடு என்று சொல்லக் கூடாது. எடுக்கிற பெண்கள் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சாக்கை ஒற்றைத் தோளில் மாட்டினால் வலி இடம் மாறுமே தவிரக் குறையாது.

மூன்று: காலையில் பெரட்டில் ஐந்து நிமிஷப் பயிற்சி, வேலை நேரத்துக்குள்.

நான்கு: மாதம் ஒரு நாள் டிஸ்பென்சரியில் பிசியோதெரபி கிளினிக் நடத்த சுகாதாரத் திணைக்களத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். அது வரைக்கும் ஆஸ்பத்திரிக் கிளினிக் நாளுக்குத் தோட்டத்து வாகனம் தர வேண்டும்.

ஐந்து: டொக்டர் இலகு வேலை என்று எழுதிக் கொடுத்தால் இலகு வேலை கொடுத்து முழுப்பேர் போட வேண்டும்.

ஆறு: இடிந்து கிடக்கிற மலைப் படிகளைக் கட்ட வேண்டும்.

நாங்கள் வெறுங்கையோடு போய்க் கேட்டால் நிர்வாகம் சிரிக்கும். எல்லோருக்கும்தான் முதுகுவலி என்பார்கள். எங்களிடம் எண்ணிக்கை வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. லயத்துக்கு ஒரு கொப்பி கொடுக்கிறோம். பெயர், வயது, என்ன வேலை, எத்தனை வருஷம், எங்கே வலி, இந்த மாதம் வலியால் எத்தனை பேர் விழவில்லை, மருந்துக்கு எவ்வளவு செலவு. ஏழே கேள்வி. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். விரும்பாதவர்கள் பெயரை விட்டுவிடலாம். மூன்று மாதம் எழுதுவோம். பிறகு தலைவர்களோடு போய் மேசையில் வைப்போம்.

அந்த அக்காவின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் எங்களை விட மாட்டீர்கள். டவுன் ஊசியை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடி சோதிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிசியோதெரபிக்குப் போகிறார். பந்தைச் சுவரில் வைத்து அழுத்துகிறார், மகள் எண்ணுகிறாள். தலையிடி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. தோடு இன்னும் அடகில்தான். பிள்ளை செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கு வருகிறது.

முதல் கொப்பியில் முதல் பெயரை அவரே கேட்டு எழுத வைத்தார். அடுத்த பெயர்களை இன்றைக்கே எழுதிவிட்டுப் போங்கள். பேனை மேசையில் இருக்கிறது.